மெவ்லிதா அன்ரி ஹஜ்ஜுக்குப் போகுமுன்

டீர் பார்க், மெல்பேர்ன்
03.05.2026, ஞாயிறு

அன்பு மகள் நிரூபாவுக்கு அப்பா எழுதுவது,

முருகன் கிருபையில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அபர்டீன் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். கடிதம் என்றதும் பயப்பட வேண்டாம், இங்கே ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நீ எடுக்கும்போது என்னோடு கதைப்பது இரண்டு நிமிடம், பிரஷர் எப்படி அப்பா என்பாய், பரவாயில்லை என்பேன், பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், இந்த விஷயத்தை அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடக்க முடியாது. வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லவும் எனக்குத் துணிவில்லை, அதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன். அதனால் பழையபடி பேனையை எடுத்தேன். எழுதி முடிந்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார், தபாலில் போட்டால் உன் கைக்கு வர இரண்டு கிழமையாவது ஆகும், எனக்கு இருப்பதோ பதினொரு நாள்.

சின்னச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் அப்படியேதான், நீ அனுப்பிய பயிற்சி வீடியோவைக் கதிரையில் சாய்ந்திருந்து முழுவதும் பார்க்கிறார், செய்வதுதான் இல்லை. தம்பி அருந்தவன் ஹோம்புஷிலிருந்து ஈஸ்டருக்கு வந்து மூன்று நாள் நின்றான், மூன்று நாளும் நித்திரை, எழும்பினால் தோசை, இரண்டுக்கும் நடுவில் போன். பொயிண்ட் குக் யோகா அன்ரி மகனுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டார், ஓகஸ்டில் வைக்கிறார்களாம், நிரூ வருவாளோ என்று என்னைத்தான் கேட்டார், நான் அவளுக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். பொய் சொல்வது எனக்குப் பழகின வேலை, இந்தக் கடிதமும் அதைப் பற்றியதுதான்.

பக்கத்து வீட்டு மெவ்லிதா அன்ரி இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறார். வயது எழுபத்துமூன்று. ஹசிப் அங்கிள் இருக்கும்போதே இரண்டு பேருமாகப் போவதென்று இருந்தவர்கள், அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் கால் விடாது என்று பொஸ்னியப் பள்ளிவாசல் ஆட்களோடு சேர்ந்து புறப்படுகிறார். பதினான்காம் திகதி வியாழன் பின்னேரம் பிளேன். போன செவ்வாய் காலை பத்து மணிபோல் பக்லவாத் தட்டோடு வந்தார், தேத்தண்ணி போடப் போன அம்மாவை மறித்து, முதலில் இருங்கள், வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும் என்றார். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம், ஹஜ்ஜுக்கோ வேறு நெடும் பயணத்துக்கோ போகிறவர்கள் உறவினர் அயலவர் எல்லோரிடமும் நேரில் போய் ஹலால் கேட்பார்களாம். தெரிந்தோ தெரியாமலோ உனக்கு நான் பிழை செய்திருந்தால் அதை மனதார எனக்கு விட்டுத் தா என்று கேட்பது. மற்றவர் விட்டுத் தந்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும், அப்போதுதான் பாரம் இறங்கும், செத்தவரை அடக்கம் செய்யும்போதும் இமாம் கூடியிருக்கிறவர்களிடம் அவருக்காக மூன்று தரம் இதைக் கேட்பாராம். அவர் எப்போதும்போல் என்னைக் கொம்ஷியா, அயல்காரரே, என்று கூப்பிட்டு, இருபத்தாறு வருடம் ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்துவிட்டோம், எனக்கு ஹலால் தாருங்கள் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்து, நீங்கள் எங்களுக்குச் செய்ததெல்லாம் நன்மைதானே என்றார், நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அத்தோடு முடிந்தது என்று பார்த்தால் அவர் எழும்பவில்லை. உங்களிடம் கேட்பது சுகம், நான் உண்மையாகப் பிழை செய்தது நிரூபாவுக்கு என்றார்.

உன் பதின்மூன்றாம் வயதில், ஆடு அறுத்துப் பங்கிடும் பெருநாளுக்குத் தான் தந்த குர்பான் இறைச்சியை நீ குப்பையில் எறிந்தாய் என்று அப்போது உன்மேல் அவருக்கு வருத்தமாம். அடுத்த வருடம் நோன்பு முடிந்து வந்த பைராம் பெருநாள் அன்று நீ ஒரு வாழ்த்து மட்டை கீறிக்கொண்டு தனியே போய்க் கதவைத் தட்டினாயாம். வீடு நிறையச் சனமாம். பைராம் அன்று சிறியவர்கள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைக்க வேண்டும் என்று உனக்குப் பழக்கியதே அவர்தானே, நீ குனிந்தபோது கையை இழுத்துக்கொண்டாராம். வாசலில் இருந்த தகரத்திலிருந்து ஒரு சொக்லேட்டை எடுத்து உன் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாராம். அன்றைக்கு எதிரி வந்தாலும் உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுக்க வேண்டிய நாள், நான் பதினான்கு வயதுப் பிள்ளையை வாசலோடு அனுப்பினேன், அதே கையை மக்காவில் தூக்கிப் பிடித்து நான் என்னத்தைக் கேட்பது என்று சொல்லி அழுதார். எனக்கு இது தெரியாது, நிரூ. நீயாகத்தான் அங்கே போவதை நிறுத்திவிட்டாய் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா, அவள் சின்னப்பிள்ளை, எப்போதோ மறந்திருப்பாள், அவளுக்காக நான் சொல்கிறேன் ஹலால் என்றேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னார். பிறகு அவள் வாயால் ஒரு சொல் கேட்டால் நிம்மதி, ரெலிபோன் நம்பர் தருவீர்களா என்று கேட்டார், அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கூட, நான் சொல்லிவிடுகிறேன் என்று அதையும் மறித்துவிட்டேன். அம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து என் வாயால் நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். 2000இல் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது உனக்கு ஐந்து வயது. வந்த மூன்றாம் நாள் மெவ்லிதா அன்ரி வட்டத் தட்டில் கீரையும் சீஸும் வைத்துச் சுட்ட பணியாரம் கொண்டு வந்தார், நாங்கள் ருசித்துச் சாப்பிட்டோம், தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா அதில் வடை வைத்துக் கொடுத்தார். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை, இரண்டு நாட்டு யுத்தத்தையும் கையைக் காலை ஆட்டித்தான் ஒருவருக்கொருவர் சொன்னோம். எனக்கு ட்ருகனினா வெயாஹவுசில் ஷிப்ட், அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட், நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போய்விடுவாய். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மாவைக் கடதாசிபோல் இழுக்க உனக்குச் சொல்லிக் கொடுத்தார், நீ வீட்டுக்கு வரும்போது உன் தலைமயிரில் வெண்ணெய் மணக்கும். பெருநாளுக்கு முதல்நாள் அவர் மாவை வெண்ணெயில் வறுத்து ஹல்வா கிண்டுவார், அந்த மணம் செத்தவர்களுக்குப் போய்ச் சேருமாம், நாங்கள் சாப்பிட அவர்கள் மணந்து பசியாறுவார்கள் என்று நீ வந்து சொன்னபோது அம்மா, எங்கட படையல் மாதிரித்தான் பிள்ளை என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். பைராம் காலையில் கோப்பித் தட்டில் ஆட்களின் எண்ணிக்கையை விட ஒரு கோப்பை கூட வைப்பார்கள், யாரும் வரக்கூடும் என்று. அது என்னுடைய கோப்பை என்று நீ சொல்லிக்கொண்டு திரிந்தாய், அதில் உனக்குப் பால்தான் ஊற்றுவார்.

அந்த முதல் வருடமே குர்பான் பைராம் வந்தது. ஆட்டை அறுத்து மூன்று பங்காக்கி, வீட்டுக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று, அயலுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒன்று என்று கொடுப்பார்கள், அந்த மூன்றாம் பங்கில் பெரிய துண்டைப் பிள்ளைகள் மெலிவு என்று எங்களுக்குக் கொண்டு வந்தார். நாங்கள் இறைச்சி தொடாத சைவக்காரர் என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லச் சொன்னார். பெருநாளும் அதுவுமாக முகத்துக்கு நேரே வேண்டாம் என்றால் எங்கள் பொருளை அருவருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார், அடுத்த வருடம் பார்ப்போம் என்று நான்தான் வாங்கி வைத்தேன். இரண்டு நாள் கழித்து வேலிக்கு மேலால் எப்படி இருந்தது என்று கேட்டார், நல்ல ருசி, தூள் போட்டுக் குழம்பு வைத்தோம் என்றேன். எவ்வளவு நேரம் அவித்தீர்கள் என்று கேட்டார், ஒரு மணித்தியாலம் என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன். வாழ்க்கையில் இறைச்சிச் சட்டி கண்டறியாதவன் பக்குவம் சொல்லிக் கொடுத்தேன், அவரும் தலையாட்டிக் கேட்டார், அடுத்த வருடம் இன்னும் பெரிய துண்டு வந்தது. வேடிக்கை என்னவென்றால் மெவ்லிதா அன்ரி எங்களிடம் ஒருநாளும் இப்படி நடிக்கவில்லை. தீபாவளிப் பலகாரம் கொடுத்தால் இதற்குள் எனக்கு ஆகாதது ஏதும் இருக்கிறதா என்று பட்டென்று கேட்பார், அருந்தவனின் பிறந்தநாள் கேக்கில் ஜெலட்டின் இருக்கிறது என்றதும் சிரித்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வடையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒருவருக்கும் நோகவில்லை. எப்படி வேண்டாம் என்று சொல்வதென்று கண்முன்னால் காட்டித் தந்தார், எனக்குத்தான் ஏறவில்லை.

முதல் மூன்று வருடம் சென் அல்பன்ஸ் வரதராஜாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர்கள் சாப்பிடுகிற ஆட்கள், வீண்போகவில்லை. பிறகு அவன் கோயில் மடைப்பள்ளியில் நாலு பேருக்கு முன்னால், வாத்தியார் வீட்டு இறைச்சி இந்த முறை எப்ப வரும் என்று பகிடி விட்டான். நான் ஞாயிறு சமய வகுப்பு எடுக்கிறவன், எனக்கு முகம் செத்துப்போனது. இனி அவனிடம் கொடுப்பதில்லை என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டேன். வேறு யாரிடம் கொடுத்தாலும் கதை வெளியில் வரும் என்று பயம். அதனால் கடதாசியில் சுற்றி, பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டுக் குப்பைத் தொட்டிக்குள் தள்ளினேன். ஒருமுறை நீ, எட்டோ ஒன்பதோ வயது இருக்கும், மெவ்லிதா அன்ரியிட்ட நான் சொல்லட்டா அப்பா, அவ கோபிக்கமாட்டா என்று கேட்டாய். வாயை மூடு, பெரிய ஆட்களின் விஷயம் என்றேன். பெரிய ஆளின் வெட்கம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

2008 யூலையில் மெவ்லிதா அன்ரி பொஸ்னியாவுக்குப் போய் வந்தார், யுத்தத்தில் காணாமல் போன அவரின் தம்பி ஃபிக்ரெத்தின் எலும்புகளை இரத்தப் பரிசோதனை வைத்து அடையாளம் கண்டு பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். அந்த டிசம்பரில் பைராம். வழக்கத்தை விடப் பெரிய பொதி, வெள்ளைப் பையைச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டித் தந்தார், தரும்போது ஒன்றும் சொல்லவில்லை. நானும் வழக்கம்போல் தொட்டிக்குள் போட்டேன். வெயில் கொளுத்திய கிழமை, தொட்டி நிரம்பி மூடி சரியாக மூடவில்லை, வியாழக்கிழமை குப்பை லொறியும் பிந்திவிட்டது. காகங்கள் பையை இழுத்துக் கிழித்து இறைச்சியை அவர் வீட்டு வாசல் புல்லில் கொண்டுபோய்ப் போட்டன. பின்னேரம் மூன்றரைக்குக் கதவு தட்டுகிற சத்தம், திறந்தால் அவர் அந்தச் சிவப்பு நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோபம்கூட இல்லை, இது நான் தந்ததா என்று மட்டும் கேட்டார். அப்போதாவது ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து நீ பள்ளிக்கூடப் பையோடு படியேறி வந்தாய். நான் உன் பக்கம் திரும்பி, அவருக்கு விளங்க வேண்டும் என்றே ஆங்கிலத்தில், இவளிடம் பிரிட்ஜில் வைக்கச் சொன்னேன், வெளியில் விட்டுப் பழுதாக்கிப்போட்டு எங்களுக்குத் தெரியாமல் எறிந்திருக்கிறாள் என்று கத்தினேன். நீ என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்து சொறி அன்ரி என்றாய். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார், இந்த முறை குர்பான் என் தம்பியின் பெயரில் கொடுத்தது, அதனால் வீட்டில் ஒரு துண்டும் வைக்கவில்லை, முழுவதையும் பிறருக்கே கொடுத்தேன், நல்ல பங்கு உங்களுக்கு என்று. சொல்லிவிட்டுப் போய்த் தன் வாசலில் குந்தியிருந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். நீ பையை வைத்துவிட்டு ஓடிப்போய் அவரோடு பொறுக்கினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நீ வீட்டுக்குள் வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிக் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அம்மா வேலையால் வந்து அறிந்து ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, போய்ச் சொல்லுங்கோ என்றதைத் தவிர. நாளைக்கு நாளைக்கு என்றேன். அடுத்த பைராமிலிருந்து அவர் இறைச்சி கொண்டுவரவில்லை, பக்லவா மட்டும்தான், பார்த்தாயா பிரச்சினை தானாகவே தீர்ந்துவிட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன். நீ மாவு இழுப்பதை விட்டாய், பின்னேரங்களில் அறைக்குள் இருந்து படித்தாய், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று கோயிலில் பெருமையாகச் சொன்னேன். பிரிஸ்பேன் யூனிவர்சிட்டியில் கிடைத்தபோது மெல்பேர்னிலும் இடம் கிடைத்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அங்கிருந்து ஸ்கொட்லாந்து. வேலைக்காகப் போயிருக்கிறாள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். அது முழுக்க என்னால்தான் என்று சொல்ல நான் யார், உன் வாழ்க்கை உன்னுடையது, ஆனாலும் பதின்மூன்று வயதில் உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று நீ அறிந்துகொண்டாய், அதை நீ ஒருவருக்கும் சொல்லாமல் எனக்காகக் காப்பாற்றினாய், அந்த நினைப்புத்தான் என்னைத் தின்கிறது.

செவ்வாய் மெவ்லிதா அன்ரி போன பிறகு அம்மா கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்து, பிள்ளை கேட்ட சொறியை இவ்வளவு காலமும் நீங்கள் வச்சிருந்தியள், இப்ப பிள்ளை குடுக்காத மன்னிப்பையும் நீங்களே குடுத்துப்போட்டியள், இனி அவளுக்கெண்டு என்ன மிச்சம் என்று கேட்டார். புதன் வியாழன் வெள்ளி மூன்று நாளும் வேலியோரம் போய்ப் போய்த் திரும்பினேன், ஒரு நாள் அவர் கண்டு கையசைத்தார், எலுமிச்சை மரத்துக்கு உரம் போட வந்தவன்போல் குனிந்துவிட்டேன். நேற்றுக் காலைதான் போனேன். நடையில் சூட்கேஸ் திறந்தபடி, வெள்ளை உடுப்புகள் மடித்து வைத்தபடி இருந்தன. குசினி மேசையில் என்னை இருத்திக் கோப்பி போட்டு வைத்தார். பாதி குடித்ததும் சொன்னேன், நாங்கள் பரம்பரையாக இறைச்சி தொடுவதில்லை, உங்கள் இறைச்சியை நாங்கள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை, முதல் மூன்று வருடமும் ஒரு சிநேகிதனுக்குக் கொடுத்தேன், பிறகு வருடா வருடம் எறிந்தேன், அன்றைக்கும் எறிந்தது நான்தான், நிரூபா அதைத் தொட்டதுகூட இல்லை.

அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, அப்படியென்றால் அவள் என்னிடம் சொறி சொன்னது உங்களுக்காகவா என்று கேட்டார். ஓம் என்றேன். எழும்பி வந்து என் கையிலிருந்த கோப்பையை, உள்ளே கோப்பி இருக்க இருக்க, வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தார். அவர்கள் வீட்டில் அப்படி நடந்து நான் கண்டதில்லை. எனக்கு முதுகு காட்டிக்கொண்டே, ஒரு குற்றமும் செய்யாத பிள்ளைக்கு நான் பைராம் அன்று கதவைச் சாத்தினேன், உங்கள் சொல்லை நம்பிச் செய்தேன், ஆனால் சாத்தினது என் கை என்றார். நான் அழுதுவிட்டேன், நிரூ, அறுபத்தெட்டு வயதில் அடுத்த வீட்டுக் குசினியில் நின்று அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. கையைத் துடைத்துவிட்டுத் திரும்பி, இறைச்சிக்கு நான் ஹலால் தருகிறேன் கொம்ஷியா, என் தம்பியின் பங்குக்கும் தருகிறேன், ஃபிக்ரெத் சிரிக்கிற ஆள், தன் பெயரில் கொடுத்த பங்கு காகத்துக்குப் போனது என்றால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான், ஆனால் பிள்ளையுடையதை நான் தர முடியாது, அது அவளிடம் இருக்கிறது, நீங்கள் செவ்வாய்க்கிழமை அவள் பெயரில் சொன்ன ஹலாலும் செல்லாது, அதைத் திருப்பி எடுங்கள் என்றார். எடுத்துக்கொண்டேன். வாசல்வரை வந்து, அவளிடம் கேட்கப் போகிறீர்கள் என்றால் எனக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள், பிளேன் ஏறப் போகிறவள் நான் என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே பிள்ளை, நீ அவருக்கு ஒருமுறை எடு. வீட்டு நம்பர் மாறவில்லை, அம்மா கடைசியில் எழுதிவிடுவார். உனக்குக் காலை ஒன்பது மணி என்றால் இங்கே பின்னேரம் ஆறு, அந்நேரம் அவர் தொழுதுவிட்டு வீட்டில்தான் இருப்பார். மனதில் இல்லாமல் ஹலால் சொல்ல வேண்டாம், உதட்டால் சொன்னால் செல்லாது என்று அவரே சொல்கிறார். ஆனால் அவர் உன்னிடம் கதவைச் சாத்தினார் என்றால் அதற்குள் இருந்த பொய் என்னுடையது என்பதை மட்டும் நினைத்துக்கொள். அன்றைக்கு யார் எறிந்தது என்று இனி நீ யாரிடம் வாய் திறந்து சொன்னாலும் சரி, நான் உன்னைத் தடுத்த காலம் முடிந்துவிட்டது. இன்று காலை கோயிலில் சமய வகுப்பையும் இனி வேறு யாரும் எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், அதற்கு அம்மாவின் முழங்காலைச் சாட்டவில்லை, எனக்குத் தகுதி காணாது என்றுதான் சொன்னேன், அவர்கள் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், போகட்டும்.

இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடு, இரவு ஷிப்ட் முடிந்து தனியே நடந்து வராதே, டக்ஸி பிடி. நீ எடுத்த காரியமெல்லாம் முருகன் துணையால் நல்லபடி நடக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீ நிம்மதியாக இருக்க வேண்டும், அம்மாவும் அப்படியே ஆசீர்வதிக்கிறார். பதினான்காம் திகதி வியாழன், அதற்கு முன் அவருக்கு எடுக்க வேண்டும் என்பதைத் திருப்பியும் ஞாபகப்படுத்துகிறேன்.

எனக்காக இந்தக் கடிதத்தில் உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, இதை நேரில் போய்த்தான் கேட்க வேண்டுமாம். நீ அங்கே போய் ஆறு வருடம், ஒருநாளும் எங்களை வரச் சொல்லவில்லை, ஏன் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அம்மாவால் அந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் பிளேனில் இருக்க முடியாது, நான் மட்டும் வருவேன். அப்பா வரலாமா, வரக்கூடாதா, அதற்கு மட்டும் பதில் போடு.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்
அப்பா விக்னராஜா